அந்த ஒரு பேரு மட்டும்

“சாப், இந்த வருசமும் அந்தப் பேரைத் தப்பாப் படிச்சீங்க, மைக்கைக் கீழ வெச்சிட்டுப் போயிட்டே இருங்க.”

பிரபாகர் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டான். இண்டூர் முன்னாள் படைவீரர் சங்கத்துக்குப் புதுத் தலைவர். பட்டாளத்தை விட்டு வந்து ரெண்டு வருசம்தான் ஆகிறது, விறைப்பு இன்னும் இறங்கவில்லை.

சுபேதார் நிசார் அகமது தாடியைத் தடவினார். “படிச்சிரலாம், விடப்பா.”

எப்படி விடுவது? சுற்றுவட்டாரத்தில் எல்லையில் உயிரை விட்டவர்கள் பன்னிரண்டு பேர். வருசத்துக்கு ஒரு நாள் நினைவுத் தூண் முன்னால் அவர்கள் பேரைப் படிப்பதுதான் சங்கம் செய்கிற ஒரே உருப்படியான வேலை. மற்ற நாளெல்லாம் மிலிட்டரி கேன்டீன் கோட்டா பேச்சுத்தான்.

அதிலும் பிழை. பதினொரு பேரை மனுசன் கடகடவெனப் படிப்பார். பனிச்சரிவில் செத்த நாயக் குப்புராஜ் பேரில் மட்டும் நாக்கு வழுக்கும். முந்தின வருசம் குப்புசாமி. போன வருசம் குப்பண்ணன். ரெண்டு தடவையும் குப்புராஜ் மனைவி பாஞ்சாலி எழுந்து கிழி கிழியென்று கிழித்தாள்.

இந்த முறை அந்தப் பேரை மட்டும் கொட்டை எழுத்தில் அடித்து, சிவப்புக் கோடும் போட்டுக் கொடுத்திருந்தான் பிரபாகர்.

நிசார் படித்தார். ஒவ்வொரு பேருக்கும் கூட்டம் “வீரவணக்கம்!” என்றது.

“நாயக்... கோபால்ராஜ்!”

பிரபாகர் தலையில் அடித்துக்கொண்டான்.

பாஞ்சாலி சேரைத் தள்ளிவிட்டு நேரே மைக்குக்கே வந்துவிட்டாள். “பாய்! வாயில என்ன கொழுக்கட்டையா? எவன் அந்த கோபாலு? எங்கூட்டுக்காரரு பேரு குப்புராஜ்! குப்புராஜ்!”

பாப்பாரப்பட்டி ரோடு வரைக்கும் கேட்டது. கூட்டம் பழக்கதோசத்தில் “வீரவணக்கம்!” என்றது.

“மன்னிச்சிரும்மா, வயசாச்சு” என்று தலைகுனிந்தார் நிசார்.

போதும். பிரபாகர் அவர் கையிலிருந்த தாளைப் பிடுங்கி மீதிப் பேரைத் தானே படித்து முடித்தான். கூட்டம் கலைந்ததும் பாஞ்சாலியிடம் ஓடினான்.

“அக்கா, மனசுல வெச்சுக்காதீங்க. நிசார் சாப்பை நிறுத்தியாச்சு. அடுத்த வருசம் எல்லாப் பேரும் நானே படிக்கறேன். ஒரு எழுத்து மாறாது.”

பாஞ்சாலிக்கு முகம் வெளுத்துவிட்டது. “ஐயோ, அப்படிப் பண்ணிராதீங்க தம்பி!”

“என்னக்கா இது? இப்பத்தானே அந்தத் திட்டு திட்டினீங்க?”

அவள் சுற்றும் முற்றும் பார்த்தாள். குரல் இறங்கியது.

“அவரு உசுரோட இருந்த வரைக்கும் அவரு பேரை நான் வாய்விட்டுச் சொன்னதே இல்லீங்க. ‘ஒருவாட்டி சொல்லு பாஞ்சாலி’ன்னு லீவுல வர்றப்பெல்லாம் கெஞ்சுவாரு. சும்மா சொன்னா எம்மாமியா சண்டைக்கு வரும். கோவத்துல சொன்னா யாரு குத்தம் சொல்லப் போறாங்க? நாந்தான் பாய்கிட்டக் கேட்டுக்கிட்டேன், தப்பாப் படிங்கன்னு.”