ஐநூறு கிலோமீட்டர் கழித்து

"காரைக்குடியில பட்டறைக்கா பஞ்சம்? இங்குட்டு எதுக்குக் கொண்டாந்தீக?"

மெக்கானிக் சோணை வேனைப் பார்த்துத்தான் கேட்டார். விக்கியின் முகத்தைப் பார்க்கவில்லை.

"வீட்டுல இங்கதான் கொண்டு போகச் சொன்னா, ஐயா."

சோணை வேனை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். இருபது வருடத்துப் பழைய வேன். கல்யாணம், காதுகுத்து என்று அதில் சவாரி ஓட்டித்தான் விக்கியின் குடும்பம் சாப்பிடுகிறது. முந்தின நாள் அரியக்குடி தாண்டும்போது கொதித்து நின்றுவிட்டது. கயிறு கட்டி இழுத்து வந்திருந்தான்.

"தண்ணி கொறையுதா?"

"தெனம் ரெண்டு லிட்டர் ஊத்துறேன். கீழ ஒரு சொட்டு ஒழுகல."

"பொகை?"

"வெள்ளையா வருது."

சோணை ஆயில் குச்சியை உருவினார். ஆயில், பால் அதிகமாகிப் போன காபியின் நிறத்தில் இருந்தது. ரேடியேட்டரில் தண்ணீரை நிரப்பி ஸ்டார்ட் பண்ணச் சொன்னார். தண்ணீருக்குள் குமிழ் குமிழாகக் கிளம்பியது.

"ஹெட் கேஸ்கெட் போச்சு. தண்ணியும் ஆயிலும் ஒண்ணாக் கலந்துருச்சு. ஹெட்டைக் கழட்டணும், மூணு நாள் ஆகும்."

மூன்று நாளும் விக்கி பட்டறையிலேயே கிடந்தான். பேசியே வேலையைக் கெடுக்கிற மெக்கானிக்குகள் உண்டு. சோணை அந்த ரகமில்லை. அவர் கையிலிருந்த ஸ்பேனர்கூட அவரைவிட அதிகமாகச் சத்தம் போட்டது. விக்கிதான் விடாமல் பேசிக்கொண்டிருந்தான்.

"ஆறு வருசமாச்சுங்க ஐயா. நாங்க கல்யாணம் பண்ணிக்கிட்ட அன்னைக்கு, இனிமே என் வாசப்படிய மிதிக்காதேன்னு அவ அப்பா சொல்லிப்புட்டாக. தீவாளிக்குத் தெருவே பெறந்த வீட்டுக்குக் கெளம்பும். இவ மட்டும் கதவச் சாத்திக்கிட்டு உள்ள இருப்பா. அழுதியான்னு கேட்டா, வெங்காயம் உரிச்சேம்பா."

"பதினேழாம் நம்பர் ஸ்பேனர எடுங்க" என்றார் சோணை.

"பொண்ணுக்கு நாலு வயசு. எல்லாருக்கும் தாத்தா இருக்காக, எனக்கு எங்கன்னு கேக்குது. அதுக்கு இவ என்னத்தச் சொல்லுவா? ராத்திரி சோறு எறங்காம ஒக்காந்திருக்கா."

சோணையின் கையிலிருந்த போல்ட் நழுவி விழுந்தது. வேனுக்கு அடியில் அதைத் தேடி எடுக்க வெகுநேரம் பிடித்தது அவருக்கு. எழுந்தவர், கையெல்லாம் எண்ணெய் என்றார்.

லேத் பட்டறைக்குப் போன ஹெட், அதாவது இஞ்சினின் மேல்மூடி, மட்டம் பார்த்துத் திரும்பி வந்தது. மூன்றாம் நாள் இஞ்சினுக்கும் ஹெட்டுக்கும் நடுவில் புது கேஸ்கெட் தகட்டை வைத்து, நடுப் போல்ட்டில் தொடங்கி வெளிப்பக்கமாக வரிசைப்படி முறுக்கி முடித்தார். வேன் கிளம்பியது. வெள்ளைப் புகை இல்லை, சூடு காட்டும் முள் பாதியைத் தாண்டவில்லை. பிழைப்பு திரும்பக் கிடைத்துவிட்டது. ஆனாலும் விக்கி சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, போக மனசில்லாமல் நின்றான்.

"ஐநூறு கிலோமீட்டர் ஓடுனதும் வாங்க" என்றார் சோணை. "போல்ட்ட மறுபடி டைட் வைக்கணும்."

"சரிங்க ஐயா."

"காலி வண்டியக் கொண்டாராதீக. லோடு இருந்தாத்தான் தெரியும்."

"நாலு மூட்டை அரிசி ஏத்துனாப் போதுங்களா?"

சோணை அப்போதுதான் அவனை நிமிர்ந்து பார்த்தார்.

"மூட்டை ஆகாது. ஆளுகதான் வேணும். ஞாயித்துக்கெழமையா வாங்க."

"அன்னைக்குப் பட்டறை லீவுங்களே?"

"தொறந்து வச்சிருப்பேன்" என்றவர், புது கேஸ்கெட் வந்த காலிக் கவரை அவன் கையில் கொடுத்து, "இத வீட்டுல குடுங்க" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போய்விட்டார்.

சாக்கோட்டையில் வேன் சத்தம் கேட்டதுமே விக்கியின் மனைவி சத்தியப்பிரியா வாசலுக்கு ஓடி வந்தாள்.

"எங்கப்பா என்னங்க சொன்னாக?"

"மூணு நாளா ஒன்னப் பத்தியே பேசிப் பாத்துட்டேன். ஒங்கப்பா வாயத் தொறக்கல. ஐநூறு கிலோமீட்டர் ஓடுனதும் போல்ட் டைட் வைக்கணுமாம். ஞாயித்துக்கெழமை ஆளுகள ஏத்திக்கிட்டுத்தான் வரணுமாம். எல்லாம் வேலைப் பேச்சுதான்" என்றான் விக்கி சோர்வாக. "கெளம்பும்போது கேஸ்கெட் கவரக் குடுத்து, இத வீட்டுல குடுங்கன்னாக. காலிக் கவர் எதுக்குன்னு தெரியல."

அப்பாவின் பட்டறையில் ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தே வளர்ந்தவள் அவள். கவரில் அச்சடித்திருந்ததை ஒருமுறை படித்தாள். மறுபடியும் படித்தாள். கண் நிறைந்துவிட்டது.

"இது ஸ்டீல் கேஸ்கெட்டுங்க. போல்ட்ட ஒரு தடவ முறுக்குனா அவ்வளவுதான், மறுபடி தொடவே வேணாம். எனக்கு அது தெரியும்னு அவுகளுக்கும் தெரியும்" என்றாள். "எங்கப்பா நம்மள வீட்டுக்குக் கூப்புட்டிருக்காக."