ராஸ்கோவின் வலது கை

வெள்ளை பெயின்ட் டப்பாவின் மூடியைத் திறக்க எதுவும் கிடைக்காமல், வீட்டுச் சாவியால் நெம்பிக்கொண்டிருந்தார் மேப்ரி. சாவிதான் வளைந்தது.

"திரையைத் திறக்க இன்னும் நாப்பது நிமிஷம்தான் இருக்கு. இப்ப எதுக்குய்யா வெள்ளை? கண்ணுல பளபளப்பு வைக்கப் போறியா?" என்றார் கூடைப்பந்துக் கூடத்தின் காவலாளி ஐசம்.

"மொத்தச் சுவரையும் அடிக்கப் போறேன்."

ஐசம் சிரித்தார். மேப்ரி சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

திரைக்குப் பின்னால், சுவரில் இருபதடி உயரத்தில், பந்தோடு எழும்பி நின்றார் ராஸ்கோ டில்மன். வெள்ளைக்காரர்களின் அணிகள் கதவைச் சாத்திய காலத்தில், பிட்ஸ்பர்க் நடன மண்டபங்களின் வழுக்குத் தரையில் கூடைப்பந்து ஆடி, கறுப்பர் பேட்டை முழுவதையும் எழுந்து நிற்கவைத்தவர். அவர் காலடியில் ஆளுயர எழுத்தில் ஒரே ஒரு சொல்: எழும்பு!

இரண்டு வாரம் ஏணியிலேயே குடியிருந்து மேப்ரி வரைந்த படம் அது. இன்று காலை, சும்மா ஒரு பெருமைக்காக, பார்த்து வரைந்த பழைய போஸ்டரைப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார். போஸ்டரில் பந்து வலது கையில் இருந்தது. சுவரில் இடது கையில்.

படத்தைச் சுவரில் பெரிதாக்கிக் காட்டும் கருவியில், போஸ்டரை நகலெடுத்த பிளாஸ்டிக் தாளைப் புரட்டி வைத்துவிட்டிருக்கிறார். ராஸ்கோவின் பனியனில் இருந்த எண் 8. அது ஒரு 7 ஆக இருந்திருந்தால் எந்த முட்டாளுக்கும் அன்றே உறைத்திருக்கும். எட்டாகப் போனதால், இந்த முட்டாளுக்குப் பதினான்கு நாள் ஆனது.

"ஐசம், பந்து கை மாறிப் போச்சு. நேராச் சொல்லு. பாக்கறவங்களுக்குத் தெரியுமா?"

"கலர் பிரமாதம்ப்பா."

"நான் கலரைக் கேக்கல."

"சுவரும் நல்ல சுவர்தான்." ஐசம் தலையைச் சொறிந்தார். "ஆனா ஒண்ணு. நம்ம பேட்டையில எந்த சலூன்ல உக்காந்தாலும் எதுத்தாப்புல அந்தப் போஸ்டர்தானே? அந்த வலது கையைப் பாத்துக்கிட்டேதானே நாமெல்லாம் முடி வெட்டிக்கிட்டு வளந்தோம்."

ஊர் சிரித்தால் மேப்ரி தாங்கிக்கொள்வார். பழக்கம்தான். போன வருடம் தேவாலயத்துப் பலகையில் ஞாயிற்றுக்கிழமை ஆராதனையைச் சனிக்கிழமைக்கு மாற்றி எழுதிய கை அது.

தாங்க முடியாதது வேறு. ராஸ்கோவின் மகள் மிஸ் ஒடெஸா, எழுபத்தாறு வயதில், கிளீவ்லாந்திலிருந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தார். ராஸ்கோ ஆடுவதை நேரில் பார்த்தவர்களில் மிச்சம் இருப்பது அவர் ஒருவர்தான். குளிர்காலத்துக்குள் பார்வை முழுதாகப் போய்விடும் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். "அதுக்குள்ள எங்கப்பாவை ஒருதடவை பெரிசாப் பாத்துடணும், தம்பி" என்று மேப்ரிக்குக் கடிதம் எழுதியிருந்தார்.

அந்தக் கண்களுக்குக் கடைசியாகக் காட்டப்போவது, அவர் அப்பாவின் முகத்தை மாட்டிக்கொண்ட வேறு எவனையோ. அதற்கு வெறும் சுவரே மேல்.

மூடி ஒருவழியாகக் கழன்றது. மேப்ரி பிரஷ்ஷை முக்கினார். பின்னால் கைத்தடி தட்டும் சத்தம் கேட்டது.

"பஸ் சீக்கிரமே கொண்டாந்து விட்டுட்டான்." தலையில் ஊதாத் தொப்பி, கையில் தடி. "எங்கே எங்கப்பா?"

"மிஸ் ஒடெஸா... அது இன்னும்... சுவர்ல ஈரம் காயலம்மா."

"ஈரம்னா தொட மாட்டேன். தள்ளு."

மேப்ரி நகரவில்லை. மிஸ் ஒடெஸா தடியின் வளைவைத் திரையில் மாட்டி ஒரே இழுப்பாக இழுத்தார். துணி மேப்ரியின் தலையில் விழுந்தது. கொஞ்ச நேரம் உள்ளேயே இருந்துவிடலாமா என்றுகூட அவருக்குத் தோன்றியது.

வெளியே வந்தபோது மிஸ் ஒடெஸா அண்ணாந்து நின்றிருந்தார். கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மாட்டினார். மறுபடி கழற்றித் துடைத்தார். நாற்காலி கொண்டுவரும் சாக்கில் ஐசம் மெல்ல நழுவினார்.

"அம்மா, அந்தக் கை..." மேப்ரி பிரஷ்ஷால் பந்தைக் காட்டினார்.

"பாத்துட்டேன்."

"காலைலேருந்து ஒருத்தரும் நேரா ஒரு வார்த்தை சொல்ல மாட்டேங்கறாங்க. நீங்களாவது நல்லாத் திட்டிடுங்கம்மா."

மிஸ் ஒடெஸா திரும்பினார். பெயின்ட் சொட்டும் மேப்ரியின் கையைத் தன் இரண்டு கைகளுக்குள் பொத்திக்கொண்டார். கன்னத்தில் வழிந்ததைத் துடைக்கவில்லை.

"எங்கப்பா இடதுகைக்காரர், போஸ்டர் அடிச்சவன்தான் படத்தைத் திருப்பிப் போட்டுட்டான்னு நாப்பது வருஷமாத் தொண்டை கிழியக் கத்தறேன்ப்பா. நம்பின மொத ஆள் நீதான்!"