பெரலில் மீன் இல்லை

கைவலையை இரண்டாம் முறையும் தண்ணீர் பிடித்துவைக்கும் பெரலின் அடிவரை விட்டுத் துழாவினான் ஆரூரன். காய்ந்த இலை ஒன்று வந்தது. மீன் வரவில்லை.

“எங்கை அம்மா மீன்?”

நாகலெட்சுமி தேயிலைத் தோட்டத்து லயத்தில் தன் வீட்டு வாசலில் நின்றபடி ஈரக்கையைத் துடைத்தாள். “செத்துப் போச்சுங்க.”

“போன மாசமும் செத்ததெண்டுதான் சொன்னனீங்கள். அதுக்கு முதல் மாசமும் அதேதான்.”

கொசுப் புழுவைத் தின்னட்டும் என்று வீட்டுக்குப் பத்துக் கப்பி மீன் கொடுத்து, மாதம் ஒருமுறை வந்து எண்ணிக் குறித்துக்கொள்வது சுகாதாரப் பரிசோதகரான அவன் வேலை. பூண்டுலோயாவுக்குக் கீழே, இந்த லயத்தில் மற்ற வீட்டுப் பெரல்களில் எல்லாம் மீன் பெருகிக் கிடக்கிறது. இவளுக்கு மட்டும் ஒவ்வொரு மாதமும் புதிதாகக் கொடுத்தும் ஒன்றுகூட மிஞ்சுவதில்லை.

அடுத்த வாசலில் குந்தியிருந்த சோலைமலை சிரித்தார். “தேங்காப்பால் ஊத்தி ஆக்கிருப்பாங்க சேர்!”

“ஆமாண்ணே, ஒங்களுக்குத்தான் தலையை எடுத்து வச்சிருக்கேன். தட்டோட வாங்க.”

ஆரூரன் சிரிக்கவில்லை. “பகிடி இல்லை அம்மா. ஓடையிலை ஊத்தினனீங்களோ? இது வெளியாலை இருந்து வந்த மீன். ஓடையிலை இறங்கினா, அங்கை இருக்கிற சின்ன மீனெல்லாம் அழிஞ்சு போகும்.”

“ஓடையில ஊத்தலீங்க.”

“அப்ப?”

அவள் காய்ந்த கையை மறுபடியும் துடைத்தாள்.

“உங்கட மகன் டெங்குவிலை போய் இன்னும் வருசம் திரும்பேல்லை. உங்களுக்கே அக்கறை இல்லாட்டி ஆருக்கு வரும்? இனி வழக்குத்தான் போடவேணும்.”

சோலைமலையின் சிரிப்பு நின்றது.

“போடுங்க சேர்,” என்றாள் நாகலெட்சுமி, தலையைக் குனிந்துகொண்டு.

சொன்ன பிறகுதான் அவனுக்கே சுருக்கென்றது. ஆனாலும், ஓடையையும் ஒருமுறை பார்த்துவிடலாம் என்று லயத்தின் பின்னால் இறங்கினான்.

அங்கே தகரக் குடிசைகள் ஆறு. லயத்தின் ஒற்றை அறைக் காம்பரா போதாமல், கல்யாணமான பிள்ளைகள் தாங்களாகப் போட்டுக்கொண்டவை. தோட்டத்துப் பதிவில் இவற்றுக்கு நம்பர் கிடையாது.

முதல் குடிசை வாசலில் பாதியாக வெட்டிய பெரல். அதற்குள் வாலை விரித்துக்கொண்டு கப்பிகள். அடுத்த வாசலில் ஒரு பெயின்ட் வாளி. அதிலும் கப்பிகள்.

“இது ஆர் தந்தது?”

கைப்பிள்ளையோடு நின்ற வினோதா தயங்கினாள். “நாகலெட்சுமி அக்காதாங்க. வழக்கு கிழக்குன்னு போட்டுறாதீங்க சேர். நம்பர் இருக்கிற வீட்டுக்கு மட்டுந்தான் மீனுன்னு அன்னைக்கு நீங்க சொல்லிட்டீங்கல்ல? அவங்களுக்குக் குடுக்குறத செம்புல ஏந்திக்கிட்டு வந்து எங்க தண்ணியில விட்டுருவாங்க.”

ஆரூரன் ஓடைவரை போகவில்லை. திரும்பி மேலே ஏறினான். நாகலெட்சுமி அதே இடத்தில்தான் நின்றாள்.

“ரெண்டு மீனாவது உங்களுக்கெண்டு வைச்சிருக்கலாமே அம்மா?”

“கீழ பச்சப் புள்ளைங்க இருக்குதுங்க சேர். எங்க வீட்டுல இனி கடிக்கிறதுக்கு யாரு இருக்கா?”

அவள் முழங்கையில் கொசு ஒன்று வந்து உட்கார்ந்தது. அவள் கையை அசைக்கவில்லை.

ஆரூரன் குனிந்து அதை விரட்டினான்.