அசட்டுக் கேள்விகள்

"டாக்டர், ஒரு சந்தேகம்."

வகுப்பு முனகியது. பின்வரிசை வில்மர்தான், மறுபடியும்.

"சாஃப்ட்வேரை இன்ஸ்டால் பண்ணிட்டேன். முடிஞ்சுதுன்னு கம்ப்யூட்டரே சொல்லுது. பேரைச் சொல்லிக் கூப்பிட்டா மட்டும், அப்படி ஒண்ணு இங்கே இல்லவே இல்லேங்குது."

எல்லாரையும்விட உரக்கச் சிரித்தவள் மிரேயா. வில்மருக்கு முன்னிருக்கை அவளுடையது.

பயிற்சி நடத்திய ஃபாபியோலா மட்டும் சிரிக்கவில்லை. "அதுக்குன்னு ஒரு தனி என்விரான்மென்ட் உண்டாக்கினீங்களே, அதுக்குள்ளே போனீங்களா? ரூமுக்குள்ளே இருக்கிறவரை வாசல்ல நின்னு கூப்பிட்டா எப்படி வருவாரு? முதல்ல ஆக்டிவேட் பண்ணுங்க."

வகுப்பு சிரித்து ஓய்வதற்குள், அதே கட்டளையை மிரேயா ஓசைப்படாமல் தன் மடிக்கணினியில் தட்டினாள். ஓடியது.

பாஸ்தோ நகர மருத்துவமனையில் காசநோய்ப் பரிசோதனைக்கூடத்துக்கு அவள்தான் பொறுப்பு. கிருமியின் மரபணுவைப் படித்து, எந்த மருந்துக்கு அது மசியும் என்று சொல்கிற மென்பொருளைக் கற்றுக்கொண்டு போகவே மனிசாலெஸ் நகருக்கு வந்திருந்தாள். இப்போதெல்லாம் மாதிரிகள் தலைநகருக்குப் போகின்றன. பதில் வரும்வரை நோயாளி பயனற்ற மாத்திரையை விழுங்கிக்கொண்டிருக்கிறார். நோயாளிகளில் சிலருக்கு, பதில் வருகிறபோது அது தேவைப்படுவதில்லை.

புரியாததைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதுதானே? பாஸ்தோக்காரிக்கு அது அவ்வளவு எளிதல்ல. கொலம்பியாவில் அசட்டுத்தனத்துக்கு ஒரு கதை வேண்டுமென்றால், அதைப் பாஸ்தோக்காரர்கள் தலையில் கட்டிவிடுவதுதான் வழக்கம். அவள் கையைத் தூக்கினால், 'ஒரு பாஸ்தோக்காரி கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போனாளாம்' என்று சாயங்காலமே ஒரு புதுக் கதை கிளம்பிவிடும். அதனால் அறிமுகத்தின்போதே, "இதெல்லாம் எனக்குப் பழக்கம்தான்" என்று சொல்லி வைத்திருந்தாள்.

"டாக்டர், இன்னொரு சந்தேகம். ரெண்டு சாஃப்ட்வேரையும் ஒரே என்விரான்மென்ட்லயே போட்டேன். ஒண்ணு பழைய பைத்தான் வேணுங்குது, இன்னொண்ணு புதுசுதான் வேணுங்குது. ரெண்டும் நகரமாட்டேங்குது."

"ஒரே அடுப்படியில ரெண்டு மாமியாரை விட்டீங்களாக்கும்? ஆளுக்கொரு அடுப்படி கட்டிக் கொடுங்க."

மண்டபம் அதிர்ந்தது. அந்தச் சிரிப்பின் மறைவில், மிரேயாவும் இரண்டாவது அடுப்படியைக் கட்டி முடித்தாள்.

இடைவேளையில், கறுப்புக் காப்பிக் கோப்பையோடு வில்மரை வழிமறித்தாள்.

"தம்பிக்கு எந்த ஊரு?"

"இதே ஊருதான்க்கா."

"அப்படிப் போடு! எங்க ஊரை வெச்சு இவ்வளவு நாள் கதை சொன்னீங்களே, இனிமே நாங்க உன்னை வெச்சுச் சொல்றோம். கொஞ்சம் படிச்சுட்டு வந்திருக்கக் கூடாதா? உன்னாலே மத்தவங்க நேரமும் வீணாகுது."

"மன்னிச்சுக்கங்கக்கா. என் மண்டை கொஞ்சம் தடிச்ச மண்டை." தன் தட்டிலிருந்த புனுவேலோ என்ற பாலாடைக்கட்டி உருண்டையை அவள் பக்கம் நகர்த்தினான். அவள் கூச்சமில்லாமல் எடுத்துக்கொண்டாள்.

இடைவேளைக்குப் பிறகு கன்டெய்னர் பாடம்.

"இது வாழையிலையில கட்டின சோறு மாதிரி," என்றார் ஃபாபியோலா. "வேண்டியதெல்லாம் உள்ளேயே இருக்கு. எந்த ஊர்ல பிரிச்சாலும் அதே ருசி. ஒவ்வொரு கம்ப்யூட்டர்லயும் புதுசாச் சமைக்க வேண்டாம்."

பாஸ்தோவிலிருந்து கொண்டுவந்த மாதிரியின் மரபணுக் கோப்பை மிரேயா கன்டெய்னரிடம் கொடுத்தாள். 'கோப்பு இல்லை' என்று சிவப்பில் வந்தது. கோப்போ கண்ணெதிரே இருந்தது. மறுபடி கொடுத்தாள். மறுபடி சிவப்பு. பழக்கம் என்று பீற்றிக்கொண்ட வாயால், 'வரவில்லை' என்று எப்படிச் சொல்வது?

"டாக்டர்," என்றது பின்னாலிருந்து அதே குரல். "ஃபைல் இங்கேதான் இருக்கு, என் கண்ணுக்குத் தெரியுது. கன்டெய்னர் கண்ணுக்குத் தெரியலை."

"அட, போதும்ப்பா!" என்று யாரோ கத்தினார்கள்.

"அது மூடின பெட்டி," என்றார் ஃபாபியோலா. "உள்ளே இருக்கிறதுதான் அதுக்கு உலகம். வெளியில இருக்கிற உங்க ஃபோல்டரை நீங்கதான் அதுக்குத் திறந்துவிடணும். இதோ, இப்படி."

மிரேயா திறந்துவிட்டாள். சிவப்பு மறைந்தது. திரையில் வரிகள் ஓடின. கடைசியில், எந்தெந்த மருந்து வேலை செய்யும் என்ற விவரம் வந்து நின்றது. தலைநகர் வேண்டாம், காத்திருப்பும் வேண்டாம். இனி அது அவளுடைய கூடத்து மேசையிலேயே தெரிந்துவிடும். அவளுக்கு அழுகை வரும்போல் இருந்தது. புனுவேலோவின் மிச்சத்தை வாயில் போட்டுக்கொண்டு சமாளித்தாள்.

வகுப்பு முடிந்து எல்லாரும் எழுந்தபோது, ஃபாபியோலா கை தட்டினார்.

"ஒரு நிமிஷம். இன்னிக்கு நீங்க ஓட்டின கன்டெய்னரைக் கட்டினவருக்கு நன்றி சொல்லலை. வில்மர், கையைத் தூக்குப்பா. நாலு நாடுகள்ல இவன் கட்டினதைத்தான் உபயோகிக்கிறாங்க."

எல்லாத் தலைகளும் பின்வரிசைக்குத் திரும்பின.

"உதவிக்கு இருக்கட்டும்னு உன்னைப் பின்னால உட்காரவெச்சா, நீ கட்டினதைப் பத்தியே எங்கிட்டச் சந்தேகம் கேட்கிறே! ஏதோ காரணம் இருக்கும்னுதான் நானும் சேர்ந்து ஆடினேன். என்னடா கூத்து இது?"

வில்மர் தலையைச் சொறிந்தான். "ஒரு ஸ்க்ரீன்ல சிவப்பா வந்துக்கிட்டே இருந்துச்சு, டாக்டர். அவங்க வாயைத் திறந்து கேட்கிற மாதிரி தெரியலை. அதான்."

"யாரோட ஸ்க்ரீன்?"

மிரேயா தன் மடிக்கணினியைச் சட்டென்று மூடினாள்.

"தூரத்துல இருந்துச்சு, டாக்டர். முகம் சரியாத் தெரியலை," என்றான், அவள் முதுகுக்கு ஒரு முழம் பின்னால் நின்றவன்.