ஆர்வோவின் பழைய மோடம்

"இந்த வயர்லெஸ் மோடத்தை இன்னும் யாராவது பயன்படுத்துகிறீர்களா?" என்று அதை இயக்கும் டிரைவர் நிரலைப் பராமரிக்கும் ஹில்க்கா, அதைப் பயன்படுத்துவோர் எல்லோருக்கும் மடல் போட்டு நாளாகிவிட்டது. ஒரே ஒருவர் ஆமாம் என்றாலும், அந்த டிரைவரை லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கர்னலிலிருந்து நீக்கக் கூடாது. அது கர்னலை எழுதுபவர்களின் வழக்கம்.

"ஒரு பதிலும் இல்ல. தூக்கிடலாம்," என்றான் உடன் வேலை செய்யும் எஸ்கோ, ஏலக்காய் ரொட்டியைப் பிய்த்தபடி.

"ஹைலுவோட்டோ தீவுலேர்ந்து ஆர்வோ எழுதுவார். பொறு." ஹில்க்கா கண்ணைக் கசக்கிக்கொண்டாள்.

"அந்தக் கிழமா? ஒவ்வொரு வெர்ஷனுக்கும் 'உனக்கெல்லாம் எதுக்குக் கம்ப்யூட்டர்'னு ஊரறியத் திட்டுறாரே! அவருக்காக எத்தனை ஞாயிற்றுக்கிழமையைத் தொலைச்சிருப்பே? புது மோடம் ஒண்ணு வாங்கி அனுப்பு. தலைவலி விட்டுச்சு."

"புதுசு வந்துட்டா எனக்கு எழுதவே மாட்டார்."

அப்போது மடல் வந்தது.

"நான் பயன்படுத்துறேன். இந்தத் தடவை உருப்படியா வேலை செய்யுது. ஆர்வோ."

ஹில்க்கா முகத்தை மூடிக்கொண்டாள்.

"நல்லதாத்தானே எழுதியிருக்கார்? ஏன் அழறே?"

"வீட்டை விட்டு வந்ததுக்கப்புறம், அப்பா என்னைத் திட்டாம பேசினது இதுதான் முதல் தடவை."