உள்ளபடி மேடம்

"சிறுத்தை கூண்டுலதான் இருக்குன்னு சொல்லிடுங்க மேடம். ஒரே வரி. விஷயம் முடிஞ்சுது."

மிருகக்காட்சி சாலையின் இயக்குநர் இன்டர்காமில் கெஞ்சினார். மறுமுனையில் செய்தித் தொடர்பு அதிகாரி, குழந்தையைத் தூங்கப்பண்ணுகிற குரலில் சொன்னார்.

"கூண்டுல இல்லையே சார்."

இதுதான் மேடத்திடம் தொல்லை. பத்திரிகைக்காரர்கள் எதைக் கேட்டாலும் தெரிந்ததைச் சொல்வார். தெரியாததைத் தெரியாது என்பார். பொய் மட்டும், தலைகீழாகத் தொங்கவிட்டாலும் வராது. அலுவலகத்தில் அவருக்கு 'உள்ளபடி மேடம்' என்றே பெயர். போன வருஷம் ஒட்டகச்சிவிங்கிக்குக் கழுத்தில் சுளுக்கு என்று செய்தி கசிந்தபோது, மறுக்கச் சொன்னால், "உண்மைதான், எண்ணெய் தேய்க்க ஏணிதான் எட்டல" என்று சொல்லிவிட்டார். மறுநாள் பாதி ஊர் ஏணியோடு வாசலில் நின்றது.

"அப்ப நான் உங்க ரூமுக்கு வரேன். நானே பேசிக்கறேன்."

"தயவுசெஞ்சு வராதீங்க சார். நான் பேசி முடிக்கிற வரைக்கும் யாரும் கதவைத் திறக்கக் கூடாது."

இயக்குநருக்குச் சுருக்கென்றது. ஏணி விவகாரத்தின்போது அவர் பாய்ந்துபோய்ப் போனைப் பிடுங்கிக் கத்திய கத்தல்தான் தலைப்புச் செய்தியானது. அதை இன்னுமா மனதில் வைத்திருக்கிறார்? அலுவலகத்தில் ஏசி ஓடுகிற ஒரே அறை வேறு அது. இந்த வெயிலில், ஏதாவது சாக்குச் சொல்லி எல்லோரும் அங்கேதான் போய் நிற்பார்கள்.

ரோஷத்தை விழுங்கிக்கொண்டு, மேடம் பேசுவதை ஒட்டுக்கேட்க, அவருடைய லைனிலேயே இருந்த இன்னொரு போனைக் காதில் வைத்தார்.

பேசியவர் மாலைப் பத்திரிகை நிருபர். அவர் கேள்விகளில் மந்திரிகளே மாட்டிக்கொள்வார்கள். சிறுத்தை பள்ளிக்கூடத்துக்குள் புகுந்துவிட்டது என்று வதந்தி பரவி, ஊரே கதவைச் சாத்திக்கொண்டிருந்தது. இப்போது ஒரு வார்த்தை பிசகினாலும் இயக்குநரின் நாற்காலி காலி.

"வெளிய போயிடுச்சா?"

"இல்ல சார். எங்க வளாகத்துல, நாலு சுவருக்குள்ளதான் இருக்கு."

"எந்த இடம்?"

"தெரியும். டாக்டர் மயக்க ஊசி போடற வரைக்கும் சொல்ல மாட்டேன். கூட்டம் வந்தா மிரண்டுடும்."

"யாருக்காவது ஆபத்தா?"

"ஒரே ஒருத்தருக்கு. எங்க ஊழியர், கண்ணெடுக்காம பாத்துட்டிருக்காங்க. இதுவரைக்கும் நல்லாத்தான் இருக்காங்க. இப்போ அது இடது முன்னங்காலை நக்குது."

"இடது... முன்னங்கால்..." என்று நிருபர் சொல்லிக்கொண்டே எழுதினார். மந்திரிகளை மடக்கியவர் மடங்கிப்போயிருந்தார். இயக்குநருக்கே புல்லரித்தது. என்ன நிதானம், என்ன துல்லியம்.

அப்புறம்தான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். தோட்டக்காரர், கணக்கர், டிக்கெட் கொடுக்கிறவர் என்று அத்தனை ஊழியர்களும் தண்ணீர்த் தொட்டியின் மேல் ஏறி, ஒருவரையொருவர் கட்டிக்கொண்டிருந்தார்கள். டாக்டரும் அவருடைய துப்பாக்கியும்தான் குறைவு. அப்படியானால் கண்ணெடுக்காமல் பார்க்கிற அந்த ஊழியர் யார்?

பொய். உள்ளபடி மேடம் வாழ்க்கையில் முதல் பொய்யை, போயும் போயும் இந்த நிருபரிடம் அவிழ்த்துவிட்டிருக்கிறார்.

இயக்குநருக்கு ஒரு கண்ணில் ஆனந்தம், மறு கண்ணில் பீதி. உடனே தடுத்தாக வேண்டும். எந்தத் தூணுக்குப் பின்னால் எது நிற்கிறதோ என்று செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, பூனை நடையாக மேடத்தின் அறைக்குப் போனார். அந்த அறையின் ஜன்னலுக்குக் கீழே டாக்டர் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். இவருக்கும் ஏசிக் காற்று கேட்கிறதாக்கும் என்று இயக்குநர் பல்லைக் கடித்தார். டாக்டர் வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்ட ஆட்ட, கதவை மெல்ல ஒரு விரற்கடை திறந்தார்.

மேடம் திரும்பவில்லை. ஆடவில்லை, அசையவில்லை. ஒரு விரலை மட்டும் உதட்டில் வைத்துவிட்டு, போனில் சொன்னார்:

"ஆமா சார், இப்பதான் கொட்டாவி விடுது."

மேசைக்கு அடியில், ஏசிக் காற்று முகத்தில் பட, மேடத்தின் பாதங்களின் மேல் தாடையை வைத்துக்கொண்டு, சிறுத்தை கொட்டாவி விட்டது.