கடைசி ஆள்

ஓர் இடத்தில் நில் என்றால் நிற்கிற ஆளை இந்தக் காலத்தில் பார்க்க முடியுமா? பத்து நிமிடம் தாங்காது. கால் அரிக்கும், போனை எடுப்பான், அப்படியே நடையைக் கட்டிவிடுவான்.

பப்பில் கணப்புக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பெர்சி இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். கூட நடந்து வந்தவர்கள் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

காலையில் கிளம்பும்போது பதின்மூன்று பேர். முதல் பப்பிலும் பதின்மூன்று. இந்த இரண்டாவது பப்பில் பன்னிரண்டு.

நைஜலைக் காணவில்லை.

நைஜல் இந்த நடைக்கூட்டத்துக்குப் புதுசு. மூன்று மாதத்துக்கு முன்னால்தான் நெஞ்சைத் திறந்து தைத்திருக்கிறார்கள். வெளியே புதர்மேட்டின் மேல் மூடுபனி இறங்கிக்கொண்டிருந்தது. நவம்பர் மாதம். இன்னும் ஒரு மணி நேரம்தான் வெளிச்சம்.

கூட்டத்தில் ஒரு வழக்கம். பாதை பிரிகிற இடத்தில் ஒருவரை நிறுத்திவிட்டு மற்றவர்கள் முன்னால் போவார்கள். பின்னால் வருகிறவர்களுக்கு அவர் கைகாட்ட வேண்டும். எல்லாருக்கும் பின்னால் கடைசி ஆள் என்று ஒருவர் வருவார். அவர் வந்து சேர்ந்த பிறகுதான் நிற்கிறவர் நகரலாம்.

மேட்டு உச்சியில், ஒற்றைப் பைன் மரத்தடியில் நைஜலை நிறுத்தியது கூட்டத்தை நடத்துகிற ஜோஸ்லின். இன்றைக்குக் கடைசி ஆள் பெர்சி.

“நல்லா யோசிச்சுச் சொல்லுங்க பெர்சி. மரத்தடியில அவர் இல்லவே இல்லையா?”

“இருந்தா கூட்டிட்டு வந்திருக்க மாட்டேனா? பாக்கெட்டுக்குள்ளயா போட்டு வச்சிருக்கேன்?”

யாரும் சிரிக்கவில்லை.

இந்த மேட்டில் நாற்பது வருஷம் முள்புதர் வெட்டிச் சம்பளம் வாங்கியவர் பெர்சி. போன் வரைபடத்தில் வழிகாட்டும் நீலக் கோட்டைப் பார்த்து நடக்கிறவர்கள்மேல் அவருக்கு நம்பிக்கை கிடையாது. அவர்களுக்கும் இந்த மேட்டில் பெர்சியின் சொல்தான் சொல்.

ஜோஸ்லின் கிளாஸ்களை ஒதுக்கிவிட்டு மேசையில் வரைபடத்தை விரித்தாள். மரத்தடியில் இல்லை என்றால் இடது பாதையில் இறங்கியிருக்க வேண்டும். இடது பாதை புதைசேற்றில் போய் முடிகிறது. போன மாதம் ஒரு குதிரைக்குட்டியை அது விழுங்கியிருந்தது.

நைஜலின் போனுக்கு அடித்தார்கள். மேட்டில் சிக்னல் ஏது?

காலையிலேயே சொல்லிவைத்த சாப்பாடு வந்தது. பதின்மூன்று தட்டு. ஆளில்லாத நாற்காலிக்கு முன்னால் மீன் வறுவல் ஆவி விட்டுக்கொண்டிருந்தது.

பெரில் என்கிற கிழவி பெர்சியை மேலும் கீழும் பார்த்தாள். “எங்க கால் எல்லாம் காஞ்சு கிடக்கு. உங்க கால்சட்டை மட்டும் எப்படி முழங்கால் வரைக்கும் நனைஞ்சுது?”

“எழுபத்தெட்டு வயசுக்கு வா, உனக்கும் நனையும்.”

இந்தத் தடவை இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். பெர்சி கிளாஸைக் கீழே வைக்கவில்லை. குடிக்கவும் இல்லை.

ஜோஸ்லின் பப்பின் போனில் மீட்புப் படையைக் கூப்பிட்டாள். “மரத்தடியில இல்லைங்க. எங்க கடைசி ஆள் பார்த்துட்டார். எல்லாரையும் சேத்துப் பக்கம் அனுப்புங்க.”

பப்காரர் கயிறும் டார்ச்சும் கொண்டுவந்தார். ஆறு பேர் சேற்றுப் பக்கம் ஓடினார்கள்.

பெர்சி எழுந்தார்.

“நீங்க எங்க?” என்றாள் ஜோஸ்லின்.

“ஒண்ணுக்கு. அதுக்கும் வழியில ஒரு ஆளை நிறுத்தப்போறியா?”

பின்கதவு வழியாக வெளியேறி, மேட்டில் ஏறத் தொடங்கினார்.

மூச்சு முட்டியது. நிற்கவில்லை. முள் கையைக் கிழித்தது, பார்க்கவில்லை. கண் தரையிலேயே இருந்தது. எங்கே எதன்மேல் கால் பட்டுவிடுமோ என்று ஒவ்வோர் அடியையும் பயந்து பயந்து வைத்தார்.

கீழே தூரத்தில், சேற்றுப் பக்கமிருந்து, “நைஜல்! நைஜல்!” என்று கத்துகிறார்கள். அந்தப் பக்கம் தேடாதீர்கள் என்று ஒரு குரல் கொடுத்தால் போதும். வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார்.

பனிக்குள்ளிருந்து மரம் வந்தது.

மரத்தடியில் யாரும் இல்லை.

 பெர்சி அடிமரத்தைப் பிடித்துக்கொண்டார். அதற்கு அந்தப் பக்கம், காற்றுக்கு ஒதுங்கி, கைகளை அக்குளில் செருகிக்கொண்டு நைஜல் நின்றிருந்தார். உதடு நீலம் பாரித்துவிட்டது. பெர்சியைப் பார்த்ததும் நடுங்குகிற கையை எடுத்து வலது பாதையைக் காட்டினார்.

“வந்துட்டீங்களா? உங்களுக்குத்தான் ஏதோ ஆயிடுச்சுன்னு பயந்துட்டேன். உங்களை விட்டுட்டு நான் எப்படிப் போறது?”

 முதல் பப்பில் எல்லாரும் கிளம்பிய பிறகு இன்னொரு கிளாஸ் குடித்ததையும், தாமதத்தை ஈடுகட்டப் பழைய வழியாக ஓடையில் இறங்கிக் குறுக்கே போனதையும், இந்த மரத்தின் பக்கமே வராததையும் பெர்சி சொல்லவில்லை.

கோட்டைக் கழற்றி நைஜலின் தோளில் எறிந்தார்.

“ஒன்றரை மணி நேரம் நின்னியா? புத்தி உள்ளவன் எப்பவோ போயிருப்பான்.”

திரும்பிப் பார்க்காமல் முன்னால் இறங்கி நடந்தார். பின்னால் நைஜல் தடுமாறித் தடுமாறி வருகிற சத்தம் கேட்டது.

இவ்வளவு நேரமும் ஒரே இடத்திலேயா நின்றிருப்பான்? நடுவில் எங்கேயாவது போய் உட்கார்ந்துவிட்டுத்தான் வந்திருப்பான்.